வெளியே பெண் கொடுக்காத வீடு

எங்கள் வீட்டில் யாராவது கருணைக்கிழங்கு வாங்கி வந்தால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். மற்ற வீடுகளில் அது வெறும் கிழங்கு. புளி விட்டு அவித்து மசித்தால் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். எங்கள் வீட்டில் அது வந்தால் யாருக்கோ ரத்தம் போகிறது என்று அர்த்தம்.

ரத்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'சூடு' என்பார்கள். "உங்க மாமாவுக்குக் கொஞ்சம் சூடு" என்று அம்மா ஒருநாள் சொல்வாள். அன்றிலிருந்து அடுக்களையில் சட்டதிட்டங்கள் மாறிவிடும். மிளகாய் குறையும். காலையில் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுப்பார்கள். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்து ஆற்றில் ஒரு முங்கு. இந்த வைத்தியத்தின் மேல் எங்கள் ஆட்களுக்கு இருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை. அந்த நம்பிக்கையோடேயே ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவின் ஒரே அண்ணனான மாமா ஐம்பதைப் பார்க்கவில்லை. அம்மா அதைவிடச் சின்ன வயதில் போனாள். அவர்கள் இருவரையும் பெற்ற தாத்தாவும் அப்படித்தான் என்று கேள்வி. வெளியில் சொன்ன காரணம் மூன்று பேருக்கும் ஒன்றுதான், மூலம். மூலத்தில் ஒரு மனுஷர் எலும்பும் தோலுமாக வற்றிச் சாவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில் நாங்கள் யாரையும் வைத்துக்கொள்ளவும் இல்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வேலையே யாருக்கும் இருக்கவில்லை. மாமா மகன் இருந்தார். எங்கள் பக்கத்தில் முறைமாப்பிள்ளை இருக்கும்போது வெளியே பெண் கொடுத்தால்தான் ஊர் கேள்வி கேட்கும். எங்கள் வீட்டில் அதற்கு மேல் இன்னொரு காரணமும் இருந்தது. வெளியிலிருந்து ஒருவன் மருமகனாக வந்தால் அவன் வீட்டுப் பெரியவர்கள் விசாரிப்பார்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் ஏன் சின்ன வயதிலேயே போய்விடுகிறார்கள் என்பார்கள். மாமன் மகனுக்குக் கொடுத்தால் அந்தத் தொல்லை கிடையாது. இருவர் வீட்டிலும் அதே கிழங்கு, அதே மௌனம். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அத்தானுக்கு ஒரு அக்கா உண்டு. எனக்கு மதினி. அவளுக்கு வயதுக்கேற்ற முறைமாப்பிள்ளை யாரும் அமையாததால் குடும்பத்திலேயே அவளை மட்டும் வெளியே, ஆழ்வார்திருநகரியில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் கொடுத்தார்கள். கொடுக்கும்போது அவளிடம் என்ன சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. அவள் புருஷன் வீட்டில் பிறந்த வீட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். ஊரில் தலைவலி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஆளைக் கூட்டி நியாயம் கேட்கிற வாய் அது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டுப் போட்டுக்கொள்ளும்.

நான் அம்பாசமுத்திரத்தில் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பட்டாணிச் செடி பாடம் எடுப்பேன். உயரச் செடி, குட்டைச் செடி, அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கரும்பலகை நிறையக் கட்டம் போடுவேன். பிள்ளைகள் புரியாமல் முழித்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கட்டத்துக்குள் எங்கள் வீட்டு ஆட்களை நிறுத்திப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பாடம் பாடம், வீடு வீடு என்றுதான் எல்லோரையும்போல நானும் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. மழை விடாமல் பெய்து மணிமுத்தாறு அணை நிறைந்து கிடந்தது. அத்தானுக்கு அங்கே அணை ஆபீஸில் எழுத்தர் வேலை. ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சாயங்காலம் மார்க்கெட் பக்கம் போனா கருணைக்கிழங்கு கெடக்கான்னு பாரு."

அவருக்கு நாற்பது தாண்டி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான்.

"என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் சூடு."

அதற்குப் பிறகு நான் அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன். அவர் கழிப்பறைக்குள் போனால் எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். முன்பெல்லாம் ஒரு வாளி. இப்போது ஊற்றிக்கொண்டே இருந்தார், கதவு அடியில் தண்ணீர் வெளியே வரும்வரை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அம்மாவின் கடைசி நாட்களின் கை ஞாபகம் வரும். வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கும் கை. சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் நிற்பேன். எங்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயது. இவர் போய்விட்டால், எனக்கும் பின்னால் ஏதாவது வந்துவிட்டால், அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு விடாமல் வரும். பயம் என்றால் அப்படியொரு பயத்தை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றால் சண்டை.

"நாம என்ன ஆடு மாடா திங்கோம்? சுத்த சைவம். நமக்கு என்னத்துக்கு அந்த மாதிரி வியாதி வருது?"

"உங்க அப்பாவும் சுத்த சைவம்தான். எங்க அம்மாவும் சுத்த சைவம்தான். முட்டைகூடத் தொட்டது கிடையாது. எங்க இருக்காங்க ரெண்டு பேரும்?"

"அது மூலம்ளா."

"அத்தான், நீங்க வரலைன்னா நான் லீவு போட்டுட்டு உங்க ஆபீஸுக்கே வந்து இன்ஜினியர்ட்ட சொல்லிருவேன், உங்களுக்கு எங்கன ரத்தம் போவுதுன்னு."

மானம் போகும் என்றால் எங்கள் ஆட்கள் எமனோடுகூடப் புறப்பட்டுவிடுவார்கள். மறுநாள் பாளையங்கோட்டைக்கு என்னோடு பஸ் ஏறினார்.

அங்கே ஒரு மிஷன் குடும்பத்து அறுவை டாக்டர். வயதானவர், அதிர்ந்து பேசாதவர். அத்தானை உள்ளே அழைத்துக் கையுறை போட்டுச் சோதித்துவிட்டு வந்து கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"டீச்சர், இவங்க அப்பா எப்படி இறந்தாங்க?"

"மூலம் டாக்டர்."

"உங்க அம்மா?"

"அதுவும் மூலம்தான்."

"மூலத்துல யாரும் சாகமாட்டாங்க டீச்சர்" என்றார். ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைய ஆரம்பித்தார். தாத்தா. அவருக்குக் கீழே மாமாவும் அம்மாவும். மாமாவுக்குக் கீழே அத்தான். அம்மாவுக்குக் கீழே வட்டமாக நான். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கோட்டை இழுத்தார். இழுத்தவர் பேனாவை எடுக்காமல் அப்படியே நின்றார். கோட்டுக்குக் கீழே என் மகள் வரவேண்டும். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வருஷா வருஷம் நான் கரும்பலகையில் போடுகிற அதே கட்டம்.

அவர் பொறுமையாகச் சொன்னார். குடும்பத்தோடு இறங்கி வருகிற குடல் புற்றுநோய் ஒன்று இருக்கிறது. அப்பாவிடமோ அம்மாவிடமோ அந்தக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது பாதிக்குப் பாதி. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது என்பதால் இன்னொரு பிள்ளை தப்பிக்கும் என்று கிடையாது. உங்கள் இருவருக்குமே இருந்தால் உங்கள் மகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். ரத்தத்தில் பார்த்துச் சொல்கிற சோதனை இப்போது நம் ஊர்ப் பக்கம் கிடையாது. ஆகவே குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

"நாங்க சுத்த சைவம் டாக்டர். பழைய சோறு, மோருதான்" என்றார் அத்தான், கடைசி வாதமாக.

"நல்லதுதான் சார், விட்டுடாதீங்க. குடலுக்குள்ள கோடிக்கணக்கான கிருமி குடியிருக்கு. நாம திங்கிறதைத் தின்னுதான் அதுகளும் பிழைக்குது. சிலது குடலுக்கு நல்லது பண்ணுது, சிலது புண்ணாக்குது. மோரும் கீரையும் நல்லதுகளுக்கு ஒத்தாசையா இருக்கும்னு சொல்றாங்க, இன்னும் முழுசாத் தெரியலை. ஆனா உங்க குடும்பத்துல பிறக்கும்போதே குடலுக்குக் காவல் குறைவு, தாழ்ப்பாள் சரியில்லாத வீடு மாதிரி. உள்ள எந்தக் கிருமி குடியிருக்குங்கிறது மத்தவங்களுக்கு ஒரு விசேஷமில்லை. உங்களுக்கு அது பெரிய விஷயம்."

இப்போது பத்திரிகைகளில் இந்தக் கிருமிகளைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு புண்ணைக் கிளறிவிடுபவை, பித்த நீரை விஷமாக்குபவை, அதற்கு மாறாகக் காவல் காப்பவை என்று பல வகை. ஒரே பானையில் சோறு தின்கிற வீட்டில் எல்லோர் வயிற்றிலும் அதுகளும் ஏறக்குறைய ஒரே கூட்டமாகத்தான் இருக்குமாம். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு அடுக்களைதான் ஞாபகத்துக்கு வரும். ரத்தமும் ஒன்று, பானையும் ஒன்று. வெளி ஆளை உள்ளே விடாமல் நாங்கள் கட்டிக் காத்தது இதைத்தானா என்று எரிச்சல் வரும்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் வரச்சொல்லுங்கள் என்றார். அத்தான் தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காட்ட இப்பச் சொல்லாத. அவ வெளியில வாழ்க்கப்பட்டவ. அவ வீட்டுல தெரிஞ்சா ஏசியே கொன்னுருவாங்க. நான் எந்திரிச்சு வந்து பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்."

எங்களை மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் குழாய்ப் பரிசோதனை. வயிற்றைக் காலி செய்ய உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடம் குடமாகக் குடிக்க வைத்தார்கள். ஒரே லாட்ஜ் அறையில் ஒரு கழிப்பறைக்கு நானும் அவரும் முறை வைத்து ஓடினோம். அந்த அவஸ்தையிலும் ஒரு தடவை இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் அவர் சிரிப்பதைப் பார்த்துப் பயந்தது அன்றைக்கு மட்டும்தான். இனி இந்தச் சிரிப்பு எத்தனை தடவை கிடைக்குமோ என்று பயந்தேன்.

அவர் குடலில் இடது பக்கம் பெரிய கட்டி. என் குடலில் பட்டாணி அளவில் ஒரு முளை. அதை அங்கேயே கிள்ளி எடுத்துவிட்டார்கள். இது எல்லோருக்கும் வரக்கூடிய சாதாரண முளையாகவும் இருக்கலாம், உங்கள் குடும்பத்துக்கே உரியதாகவும் இருக்கலாம், இனி தவறாமல் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதாவது எனக்கு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் தெரியாது என்பதுதான் பதில். அந்தத் தெரியாதோடு குடித்தனம் நடத்தப் பழகுவது லேசான காரியம் இல்லை. ஏப்பம் வந்தாலும் பயம், வயிறு பொருமினாலும் பயம்.

பாளையங்கோட்டை டாக்டரே அறுவை செய்தார். குடலில் ஒரு முழம் போனது. கட்டி குடலைத் தாண்டிப் பரவவில்லை, பிழைத்துக்கொள்வார் என்றார். வராந்தாவில் நின்று அழுதேன். ஊருக்கும் உறவுக்கும் குடலிறக்கம் என்று சொன்னோம். பார்க்க வந்தவர்களெல்லாம் கனமான சாமானைத் தூக்காதீர்கள் என்று அத்தானுக்குப் புத்தி சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். மதினியும் வந்தாள். தம்பியின் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, தேறி, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டார். அப்போதும் அக்காவிடம் சொல்லவில்லை. கேட்டால் அடுத்த வாரம் என்பார். அடுத்த வாரம் கேட்டால், பொம்பளப் பிள்ளை வளருது, விஷயம் வெளியில கசிஞ்சா நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள் என்பார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். வயிற்றில் தையல் போட்ட மனுஷர் முன்னால் எவ்வளவுதான் கத்துவது?

மறு வருஷம் மகள் பெரியவளானாள். சடங்குக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தோம். தலைக்குத் தண்ணீர் ஊற்ற அத்தைமுறை வேண்டுமே, மதினி வந்தாள். வந்து இறங்கியபோதே எனக்கு என்னவோ போல் இருந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. கேட்டதற்கு விரதம் இருக்கேன் என்றாள். ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. குலவை போட்டு, தண்ணீர் ஊற்றி, பட்டுச் சேலை கட்டி, மகளை அடுக்களைக்கு அடுத்த அறையில் மணையில் உட்கார வைத்துவிட்டு, நான் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள்.

"ஏளா, உன் மகள எனக்குத் தந்துரு. எம் மகனுக்கு. இன்னைக்கே தட்டு மாத்திக்கிடுவோம், கல்யாணம் பைய வச்சுக்கிடலாம். தம்பிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டான்."

"பிள்ளைக்கு இப்பத்தான பதிமூணு மதினி. படிக்கட்டும்."

"படிக்கட்டும், யாரு வேண்டாம்னா? வாக்கு மட்டும் குடு."

"இப்ப என்ன அவசரம்?"

"அவசரம்தான். நமக்குள்ளயே முடிஞ்சா யாருக்கும் பதில் சொல்லவேண்டாம்லா?"

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. மூன்று தலைமுறையாக எங்களைக் குழியில் இறக்கிய அதே வார்த்தை. கரண்டியைச் சட்டிக்குள் நட்டுவிட்டுத் திரும்பினேன்.

"மதினி, அத்தானுக்கு நடந்தது குடலிறக்கம் இல்ல. குடல்ல புத்து. மாமாவுக்கும் அதுதான், எங்க அம்மாவுக்கும் அதுதான். என் குடல்லயும் ஒண்ணு முளைச்சிருந்தது, எடுத்திருக்கு. இது பிள்ளைகளுக்கு இறங்கி வரும்னு டாக்டர் படம் போட்டுச் சொன்னாரு. உங்களுக்கும் இருந்தா உங்க மகனுக்கும் இருக்கலாம். என் மகளுக்கும் இருக்கலாம். ரெண்டையும் சேத்து வச்சா பேரன் பேத்திக்கு ரெண்டு பக்கமும் அதுவே வரும். நான் குடுக்கமாட்டேன். நீங்க நாளைக்கே என்கூட பாளையங்கோட்டைக்கு வாங்க."

அவள் அழுவாள், இல்லாவிட்டால் தம்பியின் உடம்பைப் பற்றி என்னிடம் சொல்லாமல் மறைத்தாயே என்று ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அவனுக்கு ரத்தம் எப்படிப் போச்சு? செவப்பாவா, கறுப்பாவா?"

"மொதல்ல செவப்பு. பொறவு கறுப்பும் கலந்து."

"வயிறு உப்புச்சா?"

"ஆமா."

"மெலிஞ்சானோ?"

களி அடிப்பிடித்து வாடை வந்தது. எனக்கு அதை இறக்கக் கை வரவில்லை.

"எவ்வளவு நாளா மதினி?"

"அது எதுக்கு ஒனக்கு?" என்றவள் சட்டென்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. "இங்க பாரு. நான் போய் ஆஸ்பத்திரியில படுத்தா ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் எம் மகனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எனக்கு ஒன் வீட்ட விட்டாப் போக்கிடம் கெடையாது. தாரேன்னு ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே நீ கூப்பிடுத எடத்துக்கு வாரேன். சொல்லலைன்னா வரமாட்டேன்."

"மதினி, என்ன பேசுதீங்க நீங்க? உயிரு போற விஷயம்."

"எனக்கு எம் மகனும் உயிருதான்."

"எனக்கும் எம் மக உயிருதான். தரமாட்டேன். ஆனா நீங்க வரணும்."

என் கையை விட்டுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். மகளுக்கு நலுங்கு வைத்தாள், கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

அத்தான் என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. அக்காவுக்கும் அதுவேதான், நீங்கள் போய் இழுத்து வாருங்கள் என்று தினமும் சொன்னேன். இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் அவள் வாசலிலேயே காப்பி கொடுத்து, எனக்கென்னலே, நான் நல்லாத்தான் இருக்கேன், ஒம் பெண்டாட்டியச் சரின்னு சொல்லச் சொல்லு என்று அனுப்பிவிட்டாள். அரைப் பரீட்சை லீவில் நானே போனேன். அவள் புருஷன் கூடத்தில் இருந்தார். அவர் முன்னாலேயே ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, மதினிய ஒரு தடவ பெரிய டாக்டர்ட்ட காட்டுங்க. இளைச்சுப்போயிட்டாங்க."

"அவளுக்கு மூலச்சூடும்மா. ஒங்க வீட்டுச் சீதனம்லா அது" என்று சிரித்தார். "கருணைக்கிழங்கு வாங்கிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவருக்குப் பின்னால் நின்று மதினி என்னைப் பார்த்தாள். சொல்லாதே, சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. நான் சொல்லத்தான் செய்தேன். குடலில் புற்று இருக்கலாம் அண்ணாச்சி, என் வீட்டுக்காரருக்கு அதுதான் அறுவை செய்தது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்தார். "இவளுக்கு என்மேல கோவம். பொண்ணு கேட்டேன்லா, அதத் தட்டிவிட இல்லாததும் பொல்லாததும் சொல்லுதா" என்றாள் மதினி, கொஞ்சமும் தடுமாறாமல். அவர் அவளைத்தான் நம்பினார். வாசல்வரை வந்து வழியனுப்பியபோது என் காதருகே குனிந்து, "நீ அந்த ஒரு வார்த்தையச் சொல்லல" என்றாள்.

பங்குனியில் குடல் அடைத்துக்கொண்டு, வயிறு பானையாக வீங்கி, காரில் தூக்கிப் போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அதே டாக்டர்தான் திறந்து பார்த்தார். எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது என்று மூடிவிட்டார். சடங்கு சமயத்திலேயே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஆனியில் போய்விட்டாள். போகும் முன்னால் ஒரு நாள், மகனைக் கூப்பிட்டு, ஒன் அத்தை சொல்லுத மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்கோ என்று என் முன்னாலேயே சொன்னாள். அதன் பிறகு எனக்கு அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அழத்தான் முடிந்தது.

காரியம் முடிந்து ஆழ்வார்திருநகரியிலிருந்து நானும் மகளும் பஸ்ஸில் திரும்பினோம். அத்தான் அங்கேயே தங்கிவிட்டார். திருநெல்வேலியில் இறங்கி அம்பாசமுத்திரம் பஸ் மாறினோம். மகள் ஜன்னல் ஓரம். சேரன்மகாதேவி தாண்டியிருந்தோம். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இவளுக்கும் அது இருக்குமோ, எந்த வயதில் இவளுக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று நான் அவள் பின்னலையே பார்த்துக்கொண்டு பயந்துகொண்டிருந்தேன். அதைத்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, சடங்கன்னைக்கு நீங்களும் அத்தையும் அடுக்களையில பேசுனது எனக்குக் கேட்டுச்சு."

"ம்."

"நீங்க என்னயத் தாரேன்னு சொல்லியிருந்தா அத்தை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்களா?"

"வந்திருப்பாங்க" என்றேன். அந்தப் பிள்ளையிடம் மழுப்ப எனக்கு வரவில்லை.

"இப்பம் உயிரோட இருந்திருப்பாங்களா?"

"இருந்திருக்கலாம்."

அவள், குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைக் காட்டுகிற மாதிரி சொன்னாள்:

"அப்பம் சும்மாவாவது தாரேன்னு சொல்லியிருக்கலாம்லாம்மா? பொறவு மாட்டேன்னு சொல்லிக்கிடலாம்."

வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லிப் பழகிய வீடு எங்களுடையது. அந்த ஒரு பொய் மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.